புது லைன் டிரைவருக்கு முதல் சம்பளம்: எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

(திரையில்: தஞ்சாவூர் புறவழிச்சாலை, தார்ப்பாய் கட்டிய லாரிகள் வரிசையாக)

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் நம்ம டெல்டா பையன்கள் முதலில் கேட்பது, "லைன் வண்டிக்குப் போனா மாசம் எவ்வளவு தருவாங்கண்ணே?" என்றுதான். லைன் வண்டி என்றால் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி. டிராக்டர், அறுவடை மிஷின், டாடா ஏஸ் என்று ஓட்டிப் பழகியவர்கள், அறுப்பு முடிந்ததும் வேலை இருக்காது, அதனால் யார் கூப்பிட்டாலும் போய் ஏறிவிடுகிறார்கள். நேராகவே சொல்கிறேன் தம்பி, மாசம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு வண்டி ஏறாதீங்க.

ஒரு ஓனர் மாதச் சம்பளமும் தினப்படியும் தருவார், இன்னொருவர் நடைக்கு இவ்வளவு என்பார், வேறொருவர் வாடகையில் சதவீதம் என்பார், சிலர் கிலோமீட்டர் கணக்கு. இந்த நாலையும் அப்படியே பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று பார்க்க முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும் வரை எத்தனை நாள், அந்த நாள்களால் வகுத்தால் எவ்வளவு, அந்த எண்தான் உங்கள் சம்பளம்.

(திரையில்: மன்னார்குடி – பெங்களூரு வரைபடம்)

உதாரணத்துக்கு ஒரு தொகை வைத்துக்கொள்வோம். மன்னார்குடியில் அரிசி ஏற்றி பெங்களூரு யஷ்வந்த்பூர் மண்டிக்குப் போகிறீர்கள், நடைக்கு 2,400 ரூபாய். தூரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல், திருச்சி, நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒரு ராத்திரியில் போய்விடலாம். அப்போ போக ஒரு நாள், வர ஒரு நாள், நாளுக்கு 1,200, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மில்லில் லோடு ஏற ஒரு நாள், மண்டியில் இறக்க ஒரு நாள், ரிட்டர்ன் லோடு கிடைக்கும் வரை புக்கிங் ஆபீஸ் வாசலில் ஒரு நாள். மொத்தம் ஐந்து நாள், நாளுக்கு 480. அதிலேயே மூணு வேளை சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் உங்கள் செலவு என்றால் கையில் என்ன நிற்கும்?

டெல்டாவில் காத்திருப்பு இன்னும் மோசம். குறுவை, சம்பா கொள்முதல் உச்சத்தில் இருக்கும்போது கொள்முதல் நிலையத்திலிருந்து 40 கிலோ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டி குடோன் வாசலில் வரிசையில் நிற்கும், நடுவில் மழை வந்தால் நெல் நனையாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் டிரைவர்தான், ராத்திரி மூட்டைக்குக் காவலும் அவரேதான். இதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வண்டியை விட்டு நகர முடியாத நேரம் வேலை நேரம்தான், அதற்குக் கூலி தரத்தான் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவிலும் இதே வழக்குதான். அங்கே பல கம்பெனிகளில் மைல் கணக்கில் சம்பளம், சக்கரம் சுற்றாத நேரத்துக்குப் பெரும்பாலும் சரியான காசு கிடையாது. ஆனால் அங்கே சரக்கு வண்டி ஓட்டுபவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது, அதை மின்னணுக் கருவி பதிவு செய்கிறது.

(திரையில்: 1961)

நம்ம ஊரிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர வழித்தடம் என்றால் அனுமதி வாங்கி 10 மணி நேரம், வாரத்துக்கு 54 வரை போகலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று இருந்தது. 2020இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இதையும் சேர்த்துவிட்டார்கள், அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. அந்த 1961 சட்டத்தில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதலாளியின் வேலைக்காகத் தயாராக இருக்கும் நேரம் வேலை நேரம் என்று சொல்லிவிட்டு, முனையத்தில் சும்மா காத்திருப்பதில் 15 நிமிடத்துக்குக் குறைவானதை மட்டும்தான் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. குடோன் வாசலில் ஒன்றரை நாள் நிற்பவரை யார் கணக்கில் எடுப்பது? அப்புறம், ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது, நம்ம பக்கம் ஓனர்களில் நிறையப் பேர் ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள்.

அவர்களையும் நான் குறை சொல்ல வரவில்லை. வண்டிக் கடன் டியூ, டீசல், டோல், டயர் எல்லாம் அவர்கள் தலையில், வாடகையை முடிவு செய்வது புரோக்கர். ஆனால் சரக்குக்காரரிடம் ஹால்டிங் காசு, அதாவது வண்டி காத்து நின்றதற்கான காசு வாங்குகிற ஓனர், வண்டியோடு நின்றவருக்கு அதில் ஒரு பங்கு தரத்தான் வேண்டும்.

அதனால் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத மாதச் சம்பளம், அதோடு வீட்டை விட்டு வெளியே இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் தனியாகப் படி, வண்டி ஓடினாலும் நின்றாலும். புதுசு என்பதற்காக முதல் சில நடைகளைச் சீனியரோடு அனுப்பி "சாப்பாடு மட்டும்தான்" என்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீங்க. பாதி ராத்திரியில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது நீங்களும்தானே.

பிடித்தம் பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். மைலேஜ் குறைந்தது, ஒரு மூட்டை குறைந்தது, தார்ப்பாய் கிழிந்தது என்று கணக்கு முடிக்கும்போது கழிப்பார்கள். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதில் தெளிவாக இருந்தது: உங்கள் கவனக்குறைவால் வந்த நஷ்டமாக இருக்க வேண்டும், உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. ஓவர்லோடு ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு.

சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நாளைக்கு விபத்து என்று வந்தால் இந்த வண்டியில் நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். குடோனுக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்டைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இறக்கிவிட்டுக் கிளம்பும்போது இன்னொன்று. எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பது இரண்டு பேர் போனிலும் இருக்கும், ஹால்டிங் கேட்க ஓனருக்கும் அது உதவும்.