ஆர்.டி.ஐ. மனுவுல 'ஏன்'னு கேட்கலாமா?

வணக்கம். ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்தி போன வாரம் வந்த ஒரு கேள்வி ரெண்டு நாளா மனசுலயே கிடக்கு. ஒரு ஐயா எழுதியிருக்காரு: "எங்க தெருவுக்கு ஏன் இன்னும் ரோடு போடலன்னு ஆர்.டி.ஐ. போட்டேன். 'ஏன் என்ற வினா தகவல் என்ற வரையறைக்குள் வராது'ன்னு பதில் வந்துடுச்சு. இது சரியா சார்?"

வருத்தமாத்தான் இருக்கு ஐயா, ஆனா சட்டப்படி அந்தப் பதில் சரி. நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு தெரியும். 'ஏன்'னு கேட்காதீங்க, 'நகல் கொடுங்க'ன்னு கேளுங்க. 2005 சட்டத்துல தகவல்னா ஆபீஸ்ல ஏற்கெனவே இருக்கிற பதிவு. சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்குல 2011-ல சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொல்லிச்சு: கையில இருக்கிறதைக் கொடுக்கணும், இல்லாததைப் புதுசா தயார் பண்ணித் தர வேண்டியதில்ல. தன்னோட விடைத்தாளைத் தானே பாக்கிற உரிமையை மாணவர்களுக்குக் கொடுத்ததும் அதே தீர்ப்புதான்.

அதனால ரோடு போட நிறைவேத்துன தீர்மானம், எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், இதோட நகல் வேணும்னு எழுதுங்க. 'அப்படி எந்தத் தீர்மானமும் இல்லை'ன்னு பதில் வந்தா, உங்க 'ஏன்'னுக்கு அதுதானே பதில்!

ராஜஸ்தான்ல கூலி வேலை பார்த்த ஜனங்க இதைத்தான் செஞ்சாங்க. 'கூலி ஏன் குறையுது'ன்னு புலம்பிட்டு நிக்காம, மஸ்டர் ரோலை (வேலையாட்களோட வருகை, கூலிப் பதிவேடு) காட்டு, பில்லைக் காட்டுன்னாங்க. 1996-ல பியாவர் ஊர்ல 40 நாள் தர்ணா உட்கார்ந்தாங்க. 'எங்க பணம், எங்க கணக்கு', அதுதான் அவங்க கோஷம். நம்ம கையில இந்தச் சட்டம் இருக்குன்னா அந்த ஜனங்களாலதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனா யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: 'ஃபைலை நேர்ல போய்ப் பாக்கலாமா சார்?' தாராளமா பாக்கலாம். சட்டத்தோட பிரிவு 2(ஜே) அந்த உரிமையைக் கொடுக்குது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமே கிடையாது. நடந்த வேலையையும் நேர்ல பாக்கலாம், போட்ட ஜல்லி, சிமெண்டுல சான்றளிச்ச மாதிரிகூட எடுக்கலாம்.

எங்க தெரு சாக்கடைக்காக ஒரு ஆபீஸ்ல நான் அப்படி உட்கார்ந்திருக்கேன். எம்-புக் கொண்டுவந்து வச்சாங்க, அளவுப் புத்தகம். பக்கம் பக்கமா நீளம், அகலம், ஆழம், கீழே கையெழுத்து. 120 மீட்டர்னு இருந்தது. முந்தின நாள் காலையில நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் டேப் பிடிச்சு அளந்திருந்தோம், 95 மீட்டர்தான். அந்தத் துண்டுச்சீட்டை எம்-புக் மேல வச்சேன். அறையில யாரும் பேசல.

ஐயா, நீங்க அந்தப் பழைய மனுவுக்கு மேல்முறையீடு போட்டு அலையாதீங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் புது மனு போடுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா அப்ப முதல் மேல்முறையீடு. மனுவுல எம்-புக்கையும் பாக்கணும்னு மறக்காம எழுதுங்க. சில இடத்துல, போடாத ரோட்டுக்கும் அதுல அளவு எழுதியிருக்கும்.