பேனாவைக் கூண்டில் ஏற்றாதீர்கள்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எழுத்தாளர்களின் இல்லறம் சீரழியக் காரணம் எழுத்தா, எழுதுகிறவரின் குணமா என்பது இன்றைய வழக்கு. குணமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "மேதையின் மனசு நெருப்பு, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சூடு படத்தான் செய்யும்" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், கேட்க நல்லாத்தான் இருந்தது. சூடு பட்டவர் பக்கம் போய் ஒருதரம் நின்று பார்ப்போமா?

1857 அக்டோபர். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் லண்டன் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தான் உடைமாற்றும் அறைக்கும் மனைவி கேதரினின் படுக்கையறைக்கும் நடுவே இருக்கிற வழியை அடைத்துவிட வேண்டுமாம். அங்கே மரத்தட்டு வைத்து, கதவு போட்டு, வெள்ளை வர்ணம் அடிக்க வேண்டுமாம். வர்ணம் வரைக்கும் யோசித்திருக்கிறார் ஐயா! 21 வருஷ இல்லறம், பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். அவருக்கும் தனக்கும் நடுவே ஓர் அலமாரி.

எந்த நாவல் கேட்டது அந்த அலமாரியை? அதே வருஷம்தான் எலன் டெர்னன் என்ற நடிகையைச் சந்தித்திருந்தார். இவருக்கு வயது 45, அந்தப் பெண்ணுக்கு 18. இதற்குப் பெயர் கலைத்தாகம் என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத எத்தனையோ கணவன்மாருக்கும் அந்தத் தாகம் இருக்கிறது, நடுவர் அவர்களே!

மறுவருஷம் பிரிவு. அதோடு விட்டாரா? தான் நடத்திய வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே குடும்ப விவகாரத்துக்கு விளக்கம் போட்டார். வெளியே கசிந்த இன்னொரு கடிதத்தில், மனைவிக்கு மனக்கோளாறு என்கிற மாதிரி எழுதியிருந்தார். பதில் சொல்ல அந்த அம்மாவுக்குப் பத்திரிகை ஏது? வருஷத்துக்கு 600 பவுண்டு ஜீவனாம்சம், தனி வீடு, கூட வந்தது மூத்த மகன் மட்டும். எழுத்து அவரைக் கெடுத்ததாம்! பாவம் எழுத்து, அதைத்தானே அவர் பெண்டாட்டி மேல் ஏவிவிட்டார்?

அடுத்துப் பேசிய சகோதரி ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயைக் கொண்டுவந்தார். 82 வயதில் வீட்டைவிட்டு ஓடும்படி மனைவி சோபியா படுத்தினாராம். சோபியா லேசுப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்காரிதான். ஆனால் 1862இல் 34 வயது மாப்பிள்ளை, 18 வயதுப் பெண்ணிடம், கல்யாணத்துக்கு முன்னால் தன் பழைய நாட்குறிப்புகளைப் படிக்கக் கொடுக்கிறார். யார் யாரோடு பழகினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உண்மை பேசுகிறாராம்! தன் பாரத்தைச் சின்னப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு அவர் லேசாகிவிட்டார். பதின்மூன்று பிள்ளை பெற்று, ‘போரும் அமைதியும்’ நாவலைத் திரும்பத் திரும்பக் கையால் படியெடுத்தவர் சோபியா. அவரைத்தான், வீட்டைவிட்டுப் போன கணவர் சாகக் கிடந்த அஸ்தபோவோ ரயில் நிலையத்தில், அவருக்கு நினைவு தப்பும் வரை உள்ளே விடவில்லை.

எழுதினாலே இப்படித்தான் ஆகுமா? இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயேவ்ஸ்கிக்கு வலிப்பு, கடன், போதாததற்குச் சூதாட்டம். மனைவி அன்னாவின் நகைகள் அடகுக்குப் போயின. 1871இல் சூதாட்டத்தை விட்டார். எழுத்து நின்றுபோச்சா? அதற்கப்புறம்தான் ‘கரமாசோவ் சகோதரர்கள்’ நாவல் வந்தது. சமர்ப்பணம் யாருக்கு? அன்னாவுக்கு. எதிரணியின் கணக்கு இங்கேயே உதைக்கிறது.

மணி அடிக்கிறீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். 1860இல் டிக்கன்ஸ் தனக்கு வந்த கடிதங்களையெல்லாம் வீட்டுக்கு வெளியே குவித்துக் கொளுத்தினார். கேதரினோ, அவர் தனக்கு எழுதியவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். 1879இல் நோயில் கிடந்தபோது அந்தக் கடிதக் கட்டை மகள் கையில் கொடுத்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் சேர்த்துவிடு, ஒருகாலத்தில் அவர் என்னை நேசித்தார் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்றார்.

அந்தக் கடிதங்களை எழுதியதும் அதே பேனாதான், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.