இலையை நட்டேன், அழுகிவிட்டது, ஏன்?

வணக்கங்க. தாராபுரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஊட்டிக்குப் போனபோது ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் எச்சிவேரியா வாங்கி வந்தாராம். வீட்டில் ஏற்கெனவே சோற்றுக்கற்றாழையும், மஞ்சள் கரை போட்ட பாம்புச் செடியும் இருக்கிறது. மூன்றிலும் இலை எடுத்து நட்டார். கற்றாழை அழுகிவிட்டது, எச்சிவேரியா கூழாகிவிட்டது. பாம்புச் செடி மட்டும் குட்டி விட்டதாம், ஆனால் மஞ்சள் கரை இல்லாமல் வெறும் பச்சையாக. “கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?” என்று கேட்கிறார்.

இல்லைங்க அக்கா, அவர் மேல் தப்பில்லை.

சின்ன வயதில் ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்திருப்போமே, ஓரத்துப் பள்ளம் ஒவ்வொன்றிலும் குட்டி முளைக்கும். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே அதற்குப் பேர். அதைப் பார்த்துப் பழகியதால் சதைப்பிடிப்பான இலை எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். கரும்புக் கரணை நடும்போது பரு இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா, இங்கேயும் அதே கணக்குத்தான். முளைக்கும் இடம் எங்கே என்பது செடிக்குச் செடி மாறும்.

கற்றாழை மடலை எப்படி நட்டாலும் செடி வராது, அழுகத்தான் செய்யும். தாய்ச்செடியைச் சுற்றி வரும் பக்கக்கன்று நாலைந்து அங்குலம் ஆனதும், சொந்த வேரோடு பிரித்து எடுங்கள். அவ்வளவுதான்.

எச்சிவேரியாவுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இதோ, இந்த இரண்டு இலைகளையும் பாருங்கள். இது கத்தரியால் வெட்டியது, பாதி அடி செடியிலேயே தங்கிவிட்டது. இதை எத்தனை நாள் வைத்திருந்தாலும் குட்டி வராது. இன்னொன்றை இடதும் வலதுமாக மெதுவாக ஆட்டி, தண்டோடு ஒட்டியிருந்த அடி முழுசாக வருகிற மாதிரி கழற்றியது. முளை அந்த அடியில்தான் இருக்கிறது. இதை மண்ணில் புதைக்கவே கூடாது. நிழலில், காய்ந்த மணல் மேல் சும்மா கிடத்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நூல் மாதிரி இளஞ்சிவப்பாக வேர் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீரே, அதுவும் லேசாகத் தெளித்தால் போதும். பழைய இலை சுருங்குவதைப் பார்த்துப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள், குட்டிக்கு அதுதான் சாப்பாடு.

ஆனால் ஒன்று, எச்சிவேரியாவின் பூர்வீகம் மெக்சிகோ மலைப்பக்கம். ராத்திரி குளிர வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் ஊரில் சித்திரை மாதம் ராத்திரியிலும் மொட்டை மாடித் தரை சுடுகிறது. என்னைக் கேட்டால் அதைவிட கிராப்டோபெட்டலம் வையுங்கள். பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், வெயிலும் தாங்கும்.

பாம்புச் செடிக்கு வருவோம். மஞ்சள் கரையும் நடுப்பச்சையும் ஒரே இலையில் ஒட்டி வாழும் இரண்டு வகைத் திசுக்கள். இலைத்துண்டிலிருந்து குட்டி வரும்போது பச்சைத் திசு மட்டுமே வளரும், கரை போய்விடும். கரையோடு வேண்டுமென்றால் மண்ணுக்குள் ஓடும் கிழங்கைக் கன்றோடு உடைத்து நட வேண்டும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விதைக்கிழங்கு உடைத்துப் பழகியவர்களுக்கு இது கை வந்த வேலை. வெறும் இலைத்துண்டு நட்டால் அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது.

அப்புறம் மண். பொள்ளாச்சி தேங்காய் நார்க்கழிவு கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று தொட்டி நிறையப் போடுகிறார்கள். அது தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இந்தச் செடிகளுக்கு அதுதான் எமன். செம்மண் ஒரு பங்கு, கரடுமுரடான மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் பொடி ஒரு பங்கு கலந்தால் போதும். நார்க்கழிவு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். எந்தத் துண்டை வெட்டினாலும் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை, ஒரு மூன்று நான்கு நாள், நிழலில் போட்டுவிட்டு அப்புறம் நடுங்கள். கள்ளி வகையென்றால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிக்காற்றில் தொட்டி சீக்கிரம் காயும், தண்ணீர் விடலாம். ஐப்பசி மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். நானே போன வருஷம் சோம்பல்பட்டு மாடியில் விட்டு எட்டுத் தொட்டியைத் தொலைத்தேன். தப்பித்தது கள்ளிமுளையான் மட்டும்தான். அது நம்ம காட்டு வேலியோரத்துச் செடி ஆயிற்றே!