புள்ளி வைக்கும் முன் லேபிளைப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768-ல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். நம் கரையோரச் செடிகளைச் சேகரித்தார். பின்னால் அதே ஊரில் பாதிரியார் ராட்லர் சேர்த்த உலர்செடிகள் இன்றும் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்செடிச் சேகரிப்பகம், உண்டு. எந்தத் தாவரக் குடும்பம் டெல்டாவில் எதுவரை பரவியிருக்கிறது என்று புள்ளி வைத்துப் படம் போட, உலர்ந்த செடியை ஒட்டி, எடுத்த இடத்தை லேபிளில் எழுதிய இந்தத் தாள்களே ஆதாரம். ஆனால் செடி எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும், லேபிள் சரியில்லை என்றால் அந்தத் தாள் படத்துக்கு உதவாது.

படத்தை 0.1 டிகிரி கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 11 கிலோமீட்டர். 1970-ம் ஆண்டு லேபிளில் 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் எந்தக் கட்டத்தில் குறிப்பது? கும்பகோணத்து வயலும் கோடியக்கரை உப்புமண்ணும் அன்று ஒரே மாவட்டம். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும்தான் தனி மாவட்டங்களாயின. அந்தத் தாளைப் பட்டியலில் வையுங்கள். தஞ்சாவூர் நகரத்தின்மேல் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

இன்னொரு பிழை கணினியில் ஏற்றும்போது வருகிறது. கோடியக்கரை ஏறத்தாழ 10 டிகிரி 17 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 50 நிமிடம் கிழக்கு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்; நிமிடத்தை 60-ஆல் வகுக்காமல் 10.17, 79.50 என்று அடித்தால் செடி பாக் நீரிணைக்குள் போய் விழும். சரியான எண்கள் 10.28, 79.83. கடலில் விழுந்த புள்ளி கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வயலில் விழுந்தது படாது.

ஒரே செடியின் கிளைகள் ஒரே சேகரிப்பு எண்ணோடு பல ஹெர்பேரியங்களுக்குப் போயிருக்கும். சேகரித்தவர் பெயரும் எண்ணும் ஒத்துப்போனால் அது ஒரே பதிவு.

குடும்பங்களும் இடம் மாறுகின்றன. முத்துப்பேட்டை அலையாத்தி, பழைய நூல்களில் நொச்சியோடு ஒரே குடும்பம். இப்போது அது ஆடாதோடைக் குடும்பம். நொச்சியோ துளசிக் குடும்பம். உப்புமண்ணில் வளரும் சதைப்பற்றான உமரி, முளைக்கீரைக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. அதனால் அட்டவணையை இனப் பெயரில் வைத்துக்கொண்டு, குடும்பத்தைக் கடைசியில் நிரப்புங்கள்.

வெறுமையாக நிற்கும் கட்டத்தைப் பார்த்து, அங்கே அந்தக் குடும்பம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பெரும்பாலும் அங்கே யாரும் போயிருக்க மாட்டார்கள், அல்லது உலர்த்தச் சிரமமான செடியை விட்டிருப்பார்கள். உமரியை அப்படியே அழுத்தினால் தாளுக்குள்ளேயே பல நாள் உயிரோடிருந்து, பிறகு கணு கணுவாக உதிரும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்துத் துடைத்து அழுத்துங்கள். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். முதல் வாரம் தினமும் செய்தித்தாள் மாற்ற வேண்டும். கோரையைக் கிழங்கோடு தோண்டி, முற்றிய காயோடு எடுங்கள்; காய் இல்லாத பல கோரைகளைப் பிரித்தறிய முடியாது. 42-க்கு 28 செ.மீ. தாளில் அடங்காத தண்டை வெட்டாமல் மடித்து வையுங்கள்.

லேபிள் குறிப்பைச் செடி பறித்த இடத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். மை நனைந்தால் கரைந்துவிடும். ஊர், அருகிலுள்ள வாய்க்கால் அல்லது குளம், வயலா வரப்பா உப்பளமா, தேதி, பூவின் நிறம், ஜி.பி.எஸ். அளவு, அந்த அளவில் எத்தனை மீட்டர் பிசகலாம் என்பது. இத்தனையும் வேண்டும்.

வணக்கம்.