முதிர்ந்த விண்மீனின் நீரூற்று

வணக்கம் நேயர்களே. ஆவணி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் காரைநகர்க் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், திருவோணம் இருக்கிற கழுகு மண்டலம் உச்சிக்குக் கிட்ட நிற்கும். அந்தப் பக்கத்தில், ஏறக்குறைய 7000 ஒளியாண்டு தொலைவில், டபிள்யூ 43ஏ என்றொரு முதிர்ந்த விண்மீன் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. தான் கக்கிய தூசுக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது.

அதன் விசித்திரத்தைக் காட்டிக்கொடுத்தது தண்ணீர். விண்மீனைச் சுற்றியுள்ள சூடான வாயுவில் நீர் மூலக்கூறுகள் மோதி மோதிச் சக்தி ஏறி நிற்கும். அவற்றின் ஊடாக 22.235 கிகாஹேட்ஸ் மீடிறனுள்ள வானொலி அலை ஒன்று போனால், ஒவ்வொரு மூலக்கூறும் அதே தாளத்தில் தன் பங்கைச் சேர்க்கும். ஒரு குரலுக்கு எல்லாரும் சேர்ந்து தேர்வடம் இழுப்பதைப் போல. மேசர் என்பது இதுதான். விண்வெளியில் நீர் மேசரை 1969இல் முதலில் கண்டது சார்ள்ஸ் டவுன்ஸ் உள்ளிட்ட குழு. வானொலி அலையைத் தூசு மறைக்காது என்பது நமக்குப் பெரிய வாய்ப்பு.

வயதான விண்மீன்களின் காற்று பொதுவாக எல்லாத் திசையிலும் செக்கனுக்குப் பத்து, இருபது கிலோமீற்றர் வேகத்தில் மெல்லப் பரவும். வெளிப்புறத்து ஐதரொட்சில் (ஒட்சிசன் ஒன்றும் ஐதரசன் ஒன்றும் சேர்ந்த மூலக்கூறு) காட்டும் வேகத்தை உள்ளே இருக்கும் நீர் தாண்டுவதில்லை. சில விண்மீன்களில் மட்டும் இது தலைகீழ். உயர்தரத்தில் டொப்ளர் விளைவு, அதாவது நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் மீடிறன் மாறுவது, படிக்கிற பிள்ளைகளே, அந்த வேகங்களை அளந்தது அதை வைத்துத்தான். 2002இல் ஹிரோஷி இமாய் குழுவினர் டபிள்யூ 43ஏயில் கண்டவை, விண்மீனின் இருபுறமும் எதிரெதிராகச் செக்கனுக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் பாயும் இரண்டு நீர்த்தாரைகள். அந்தத் தாரையைக் குவித்து வைப்பது காந்தப்புலம் என்று 2006இல் தெரிந்தது. இந்த வகைக்கு நீரூற்று விண்மீன்கள் என்று பெயர்.

என்னை உலுக்கும் செய்தி இனித்தான். தாரையின் நீளத்தை வேகத்தால் வகுத்தால் அதன் வயது நூறு ஆண்டுக்கும் குறைவு என்று வருகிறது. கோடிக்கணக்கான ஆண்டு வாழ்ந்த விண்மீனில், ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிவிடும் ஒரு மாற்றம்! இவ்வளவு குறுகிய கட்டம் என்பதால்தான் இதுவரை பதினைந்து அளவில் மட்டுமே அகப்பட்டிருக்கின்றன. துணை விண்மீன் ஒன்றை விழுங்கியதால் தாரை கிளம்பியிருக்கலாம் என்பது 2021இல் வந்த ஆய்வின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

உருண்டையான விண்மீன் இறுதியில் இருபுறமும் நீண்ட நெபுலாவாக (வாயுவும் தூசும் கொண்ட முகிலாக) மாறுவது எப்படி என்ற கேள்விக்கு, தொடக்கத்தையே பார்க்க விடுபவை இவை. அதனால்தான் வானியலாளர் அதே மேசர்ப் புள்ளிகளை ஆண்டுக்காண்டு திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.