வாக்காளர் பட்டியலும் அறக்கட்டளைப் பணமும்

நேயர்களுக்கு வணக்கம். தேர்தலில் பணம் என்றதும் வேட்பாளர் இறைக்கும் காசுதான் நினைவுக்கு வரும். யார் ஜெயித்தாலும் சரி, மக்கள் வாக்களிக்க வரட்டும் என்று கொடுக்கப்படும் பணமும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1962-இல் டகோனிக், ஃபீல்டு போன்ற அறக்கட்டளைகளின் நிதியில், அட்லாண்டாவில் 'வாக்காளர் கல்வித் திட்டம்' தொடங்கியது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பட்டியலில் சேர்க்கப் பாடுபட்ட உள்ளூர்க் குழுக்களுக்கு இந்தத் திட்டத்திலிருந்து மானியம் போனது. கென்னடி அரசின் ஆசியும் இருந்தது. தெருவில் நடக்கும் போராட்டம் வாக்குச்சாவடிப் பக்கம் திரும்பட்டுமே என்ற கணக்கு. 1964-க்குள் ஏறத்தாழ 6,88,000 பேர் புதிதாகப் பதிவானார்கள்.

மிசிசிப்பி மட்டும் மசியவில்லை. அங்கே பெயர் சேர்க்கப் போகிறவர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதியது சரியா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் இஷ்டம். போய் வந்தவருக்கு வேலை போகும். சில வீடுகளின்மேல் துப்பாக்கிச் சூடும் நடந்தது. பணம் கரைந்தது, பெயர்கள் ஏறவில்லை. 1963 இறுதியில் அந்த மாநிலத்துக்கான மானியத்தைத் திட்டம் நிறுத்திவிட்டது. நிர்வாகிகளைக் குறை சொல்வது சுலபம். கையிருப்பு கொஞ்சம், கேட்டவர்கள் பலர். ஆனால் தலையை எண்ணி மானியம் கொடுத்தால், தேவை அதிகமுள்ள இடத்துக்குத்தான் முதலில் பணம் நின்றுபோகும். களப்பணியாளர்கள் அங்கேயே தங்கினார்கள். 1965-இல், இப்படிப்பட்ட தேர்வுகளுக்குத் தடை போட்ட வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதுவரை மிசிசிப்பியில் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லாத கறுப்பினத்தவர் பதிவு, 1967-இல் 60-ஐ நெருங்கியது.

அதே 1967-இல் கிளீவ்லாந்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் வாக்காளர் பதிவு நடந்தது. கறுப்பினத்தவரான கார்ல் ஸ்டோக்ஸ் அந்நகர மேயரானார். வாஷிங்டனில் புகைச்சல் கிளம்பியது. 1969 வரிச் சட்டம் கடிவாளம் போட்டது: வாக்காளர் பதிவுக்கென்றே அறக்கட்டளை நிதி ஒதுக்கினால், அந்தப் பணி கட்சி சாராமல், 5 மாநிலங்களிலாவது, ஒரே தேர்தலோடு முடியாமல் நடக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்தது. ஏனென்றால் இன்றும் பெரும்பணம் தேர்தல் ஆண்டில், அதுவும் கடைசி மாதங்களில்தான் வந்து குவிகிறது. அதற்குமேல் ஆளெடுத்துப் பழக்க நேரமேது? 2024-இல் 'டெமாக்ரசி ஃபண்டு' என்ற அறக்கட்டளை, கொடுப்பதை ஏப்ரலுக்குள் கொடுத்துவிடுங்கள் என்று சக அறக்கட்டளைகளைக் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனைதான். ஆனால் நவம்பர் தேர்தல் முடிந்ததும் அந்தப் பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்களே, டிசம்பர் சம்பளத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது? எந்த அறக்கட்டளையிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.