விறகு அறுக்கும் ரம்பம்: முதல் மெஷினை ஏன் மூலையில் போட்டேன்?

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிகிற குவியல் முழுக்க வேலிக்கருவை. ராமநாதபுரம் பக்கம் இதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் காய்ந்துவிட்டால் கோடாலியே தெறிக்கும், அவ்வளவு உரம். அடுப்புக்கு ஏற்ற மாதிரி ஒன்றரை அடித் துண்டுகளாக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் ரம்பம் செய்ய இறங்கினேன். இது நான் செய்த இரண்டாவது ரம்பம். முதலாவது அதோ, அந்த மூலையில் கிடக்கிறது.

அதில் மேலே தட்டையான தகடு, நடுவில் பிளேடு, கட்டையைக் கையால் தள்ள வேண்டும். பார்க்க சாமில் மாதிரியே இருந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. மூன்றாவது நாள் கோணலான ஒரு கிளையைத் தள்ளினேன். பல் கவ்விய வேகத்தில் கட்டை உருண்டு, என் கையையும் சேர்த்து இழுத்தது. எப்படியோ கையை உருவிக்கொண்டேன். கட்டை பறந்துபோய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடித்தது. பலகை என்றால் தகட்டில் படிந்து நிற்கும். உருட்டுக் கட்டை எங்கே படியும்? அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது இதைப் பாருங்கள். ஆங்கிள் இரும்பில் 'வி' வடிவத்தில் ஒரு தொட்டில், அதன் காலடியில் கீல். கட்டையை இதில் போட்டால் உருளாது. நான் பிடிப்பது இந்தக் கைப்பிடியை மட்டும்தான், பிளேடிலிருந்து இரண்டடி தள்ளி. தொட்டிலைச் சாய்த்தால் கட்டை பிளேடுக்குப் போகும், விட்டால் ஸ்பிரிங் பின்னால் இழுத்துக்கொள்ளும். பிளேடின் முன்பக்கம் கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும், அப்போதுதான் கட்டையைத் தொட்டிலுக்குள் அழுத்தும். திசை மாறினால் தூக்கி முகத்தில் எறியும். அறுந்த துண்டு விழுகிற பக்கம் தடுப்பு எதுவும் வைக்காதீர்கள், துண்டு நடுவில் சிக்கிக்கொள்ளும்.

மோட்டார் 2 எச்.பி., சிங்கிள் ஃபேஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, ரம்பத் தண்டில் 4 அங்குலம். ஆக, பிளேடு 2160 சுற்று ஓடும். 14 அங்குல பிளேடு இது. அதன்மேல் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் 2160ஐ விட அதிகமா என்று பார்த்துத்தான் வாங்கினேன். சிலர் கை கிரைண்டரில் மூடியைக் கழற்றிவிட்டு மர பிளேடை மாட்டுகிறார்கள். சின்ன கிரைண்டர் சுமார் 11,000 சுற்று ஓடும் சாமான்! தயவுசெய்து வேண்டாம்.

தண்டும் பேரிங்கும் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்தவை. பெல்ட்டுக்கும் பிளேடுக்கும் தகட்டு மூடி போட்டிருக்கிறேன். கட்டை நுழையும் வாய் மட்டும்தான் திறந்திருக்கும்.

அப்புறம் ஸ்டார்ட்டர். போர்வெல் மோட்டாருக்கு வைப்பது போலப் பச்சை, சிவப்பு பட்டன் வைத்தது. சாதாரண சுவிட்ச் வைத்தால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ரம்பம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அந்த நேரம் நீங்கள் பிளேடில் சிக்கிய பட்டையை எடுத்துக்கொண்டிருந்தால்? இந்த ஸ்டார்ட்டரில் கரண்ட் போனால் தொடர்பு விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். தோட்டத்து மோட்டாருக்குச் செய்கிற மாதிரி, கரண்ட் வந்ததும் தானாக ஓடவிடும் ஆட்டோ ஸ்டார்ட் வேலையெல்லாம் இதில் கூடாது. எர்த் கட்டாயம்.

ஓட்டும்போது துண்டு, கைலி வேண்டாம். கையுறையும் வேண்டாம், பல்லில் மாட்டினால் கையோடு இழுக்கும். கண்ணாடி மட்டும் அவசியம். பழைய வேலிக்காலாக இருந்தால் கம்பி, ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நான் ஏற்கெனவே இரண்டு பல் இழந்தாகிவிட்டது. ரம்பத்தின் பல்தான், என்னுடையது இல்லை.

இது குறுக்கே மட்டும்தான் அறுக்கும். பிளப்பதற்கு இன்னும் கோடாலிதான். சரி, ஓட்டிக் காட்டுகிறேன். சத்தம் காதைப் பிளக்கும், ஹெட்போன் போட்டிருப்பவர்கள் குறைத்துக்கொள்ளுங்கள்.